தேர் ஓடும் தெரு யாருடையது?

கரிசல் சரித்திரம் – 17

சென்ற வாரம் 1803-ல் நிறுத்தியிருந்தோம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் ஆமணக்கு விதைத்தார்கள் என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். கும்பினியோடு நின்ற எட்டயபுரத்துக்கு நிரந்தரச் சன்னது கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் ஒரு பங்கும் அதோடு சேர்ந்து வந்தது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். படை வைத்துக்கொள்ளும் உரிமை போனாலும், ஊர்களில் வரி வாங்கும் உரிமையும் கோயில்களின் நிர்வாகமும் அரண்மனைக் கையிலேயே இருந்தன.

சர்க்காருக்கு ஜமீன் கட்ட வேண்டிய பேஷ்குஷ் ஒரே தொகையாக நிர்ணயமாகிவிட்டது. குடிகளிடம் வசூலிப்பதோ ஜமீனின் சாமர்த்தியம். வானம் பார்த்த பூமி இது. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் வீடு வந்து சேரும். பொய்த்துவிட்டால் சம்சாரி அரண்மனை வாசலில் நிற்க வேண்டியதுதான். ஊருக்குள் கணக்கு ஒரு சாதியிடம், காவல் ஒரு சாதியிடம், ஏர் ஒரு சாதியிடம், வெயிலில் களை வெட்டும் கூலி வேலை வேறு சாதிகளிடம் என்று பிறப்போடு பிரித்து வைத்திருந்தார்கள். அடுத்த இருநூறு வருஷத்தில் இந்த அதிகாரம் யார் யார் கைக்குப் போனது, எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரச் சங்கதி. அதற்கு முன்னால் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் பின்னோக்கிப் போய், ரோமாபுரியில் ஓட்டுப் போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு வருவோம். நம்மூர்க் கணக்கு அப்போதுதான் சரியாக விளங்கும்.

ரோமாபுரியில் ஓட்டு

ரோமில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்தபின், ஆண்டுதோறும் ஆட்சித் தலைவர்களாக இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர எல்லைக்கு வெளியே இருந்த மார்ஸ் மைதானத்தில் குடிமக்கள் கூடுவார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு என்று நினைத்துவிடக் கூடாது. குடிமக்கள் 193 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பிரிவுக்குத்தான் ஒரு ஓட்டு. யார் எந்தப் பிரிவு என்பதைச் சொத்து தீர்மானித்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சென்சர் என்னும் அதிகாரிகள் நிலம், வீடு, அடிமை எல்லாம் கணக்கெடுத்து ஆளை வகுப்பில் சேர்ப்பார்கள். லிவி என்ற வரலாற்றாசிரியர் தரும் கணக்கில், முதல் வகுப்பில் நிற்க ஒரு லட்சம் செப்புக்காசு பெறுமான சொத்து வேண்டும்.

குதிரை வைத்துப் போருக்குப் போகும் செல்வந்தர்களுக்கு 18 பிரிவுகள், முதல் வகுப்புக்கு 80. இரண்டும் சேர்ந்தால் 98. மொத்தம் 193-ல் அதுவே பெரும்பான்மை. சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களை ஒரே ஒரு பிரிவில் அடைத்துவிட்டார்கள். ஓட்டு மேலிருந்து கீழாக நடக்கும். மேலே இருப்பவர்கள் ஒருமித்துவிட்டால் 97-வது பிரிவோடு முடிவு தெரிந்துவிடும்; வாக்கெடுப்பும் அங்கேயே நின்றுவிடும். காலையிலிருந்து வெயிலில் நின்ற ஏழைக்கு ஓட்டுரிமை உண்டு, முறைதான் வராது. இந்த ஏற்பாடு பின்னால் கொஞ்சம் திருத்தப்பட்டாலும் அதன் அடிப்படை மாறவில்லை.

இதோடு இன்னொரு பிரிவினையும் இருந்தது. பாட்ரீசியன், பிளீபியன் என்ற பிறப்புவழிப் பிரிவினை. ஆதியில் பதவியும் புரோகிதமும் பாட்ரீசியன் குடும்பங்களுக்கே. இரு தரப்பும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்றுகூடப் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். கடன் தொல்லை தாங்காமல் கி.மு. 494-ல் பிளீபியன்கள் ஊரையே விட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்கிறது ரோம மரபு. படையில் சேர ஆளில்லாமல் செனட் இறங்கி வந்தது. பிளீபியன்களுக்கென்று டிரிபியூன் என்னும் தலைவர்களும் தனி மன்றமும் உருவாயின. கி.மு. 445-ல் கல்யாணத் தடை நீங்கியது. கி.மு. 367-ல் கான்சல் பதவி அவர்களுக்குத் திறந்தது. கி.மு. 287-ல் பிளீபியன் மன்றத்தின் தீர்மானம் ரோம் முழுமைக்கும் சட்டம் என்றானது.

இருநூறு வருஷப் போராட்டத்தின் பலனை யார் அனுபவித்தார்கள்? பிளீபியன்களில் பணக்காரர்கள்தான். அவர்கள் பாட்ரீசியன் வீடுகளில் பெண் எடுத்து, பெண் கொடுத்து, ஒரு புதிய மேட்டுக்குடியாகக் கலந்துபோனார்கள். செருப்புத் தைத்தவனும் சுமை தூக்கியவனும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

கரிசலுக்குத் திரும்புவோம்.

கழுகுமலை, 1895

கோவில்பட்டியிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் வெட்டிய வெட்டுவான் கோயில், சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தில் இடம்பெற்ற முருகன் கோயில் என்று சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முருகன் கோயில் எட்டயபுரம் ஜமீன் நிர்வாகத்தில் இருந்தது. கோயிலைச் சுற்றியிருந்த தேரோடும் வீதிகளும் கோயிலுக்கே சொந்தம் என்றது ஜமீன்.

அந்த ஊருக்கு வியாபாரத்துக்கு வந்து குடியேறியவர்கள் நாடார்கள். தெற்கே தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்த சாதியிலிருந்து, கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தவர்களின் வம்சம். கும்பினி ஆட்சியில் சாலைகள் ஓரளவு பத்திரமானதும் அவர்களுக்குத் தொழில் பெருகியது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியபோது கரிசல் பருத்திக்குக் கிராக்கி வந்தது. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. கோவில்பட்டி ஸ்டேஷனும் பருத்தி அரவை ஆலைகளும் வந்தன. காசு புழங்கிய இடங்களில் எல்லாம் நாடார் கடைகள் இருந்தன.

கையில் பணம் வந்தவர்களுக்கு ஊரில் மரியாதை வந்ததா என்றால், இல்லை. கோயிலுக்குள் அனுமதி கிடையாது. தேரோடும் வீதியில் கல்யாண ஊர்வலம் பல்லக்கில் போகக் கூடாது. கழுகுமலை நாடார்கள் மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள். தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. அதன்பின் ஒரு பகுதியினர் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார்கள். தேரோடும் வீதியிலேயே ஒரு வீட்டை வாங்கி அதைச் சிறு தேவாலயமாக்கினார்கள். வீதியில் ஊர்வலம் போகத்தானே தடை? வீடு வாங்க யாரும் தடை சொல்ல முடியாதே.

1895 ஏப்ரல் 7. பங்குனித் திருவிழாத் தேர். தேவாலயத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். தேர் போக இடமில்லை, பந்தலைப் பிரியுங்கள் என்றது ஒரு தரப்பு. மறுத்தது மறு தரப்பு. வடக்கயிறு பிடித்த கூட்டம் தெருவில் நிற்கிறது, வாக்குவாதம் முற்றுகிறது. ஜமீன் மேனேஜர் கத்திக்குத்தில் செத்தார். பிறகு கட்டுக்கடங்கவில்லை. நாடார் வீடுகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. எட்டயபுரம் சீமையில் அன்றைக்கு நடந்ததையும் அதன் முன்பின் கதையையும் நம் பக்கத்து எழுத்தாளர் பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலில் விரிவாக எழுதியிருக்கிறார். 2014-ன் சாகித்ய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது.

ரோமுக்கும் கழுகுமலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு தெருவில் தெரிந்துவிடுகிறது. ரோமில் ஒருவன் சொத்துச் சேர்த்தால் அடுத்த கணக்கெடுப்பில் மேல் வகுப்புக்குப் போய்விடலாம். விடுதலையான அடிமையின் மகன்கூட வியாபாரத்தில் செழித்து நாடகசாலையில் நல்ல வரிசையில் உட்கார முடிந்தது. கி.மு. 67-ல் ஒரு சட்டமே போட்டு, குதிரை வீரர் வகுப்பின் செல்வந்தர்களுக்கு முதல் பதினான்கு வரிசைகளை ஒதுக்கினார்கள். அங்கே பிறப்பின் மதிலைப் பணம் மெல்ல மெல்லக் கரைத்தது. இங்கே பணம் தெருவில் வீடு வாங்கிக் கொடுத்தது. அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமையை வாங்கித் தரவில்லை. கணக்கெடுப்பில் சாதி மாறாது. அதனால் தனி ஆளின் பணம் செய்ய முடியாததை வேறு ஏதோ ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

பேட்டையும் மகமையும்

அந்த வேறு ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது. சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களில் அதன் வேர் இருக்கிறது.

சாலையில் வழிப்பறி பயம் இருந்த காலத்தில், பொதிமாடுகளும் வண்டிகளும் ராத்தங்க நாடார் வியாபாரிகள் மதில் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். சாயங்காலம் ஆனதும் வண்டிகள் உள்ளே வரும். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, சரக்கை இறக்கி அடுக்கி, வாசலைச் சாத்திவிடுவார்கள். கிணறு உள்ளேயே இருக்கும். கொள்வோரும் விற்போரும் அங்கேயே பேரம் பேசுவார்கள். பேட்டையைப் பயன்படுத்தியதற்கும் விற்ற சரக்குக்கும் ஒரு சிறு தொகை பொதுவில் சேரும். அதுதான் மகமை. ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று போவதால் பெரிய வியாபாரி அதிகம் தருவார், சின்ன வியாபாரி கொஞ்சம் தருவார். தராமல் யாரும் இல்லை.

இந்தப் பணத்தை நிர்வகித்தது அந்தந்த ஊர் நாடார்களின் சபையான உறவின்முறை. முறைகாரர் பொறுப்பு ஆள் மாற்றி ஆளுக்கு வரும். வரவு செலவைச் சபை நடுவே வாசிக்க வேண்டும். குடும்பச் சண்டை, கடன் தகராறு, கல்யாணச் செலவு எல்லாம் அங்கேயே தீரும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாது. மகமைப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையனைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பிளீபியன்கள் குன்றின்மேல் ஏறித் தங்களுக்கென ஒரு மன்றம் அமைத்தார்கள். இவர்கள் அதையே பேட்டைக்குள் செய்தார்கள். ஜமீனிடம் கேட்டு வாங்கிய சபை அல்ல, சர்க்கார் கொடுத்த சபையும் அல்ல. தங்கள் வரி, தங்கள் நியாயம், தங்கள் பள்ளி. அதிகாரம் வெளியே கிடைப்பதற்கு முன்பே அதை நடத்திப் பழகிவிட்டார்கள். பின்னால் நகராட்சியும் சட்டசபையும் வந்தபோது, கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் தெரிந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

கோர்ட்டும் கலவரமும்

கழுகுமலைக்கு இரண்டு வருஷம் கழித்து, 1897 மே மாதம் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் அறங்காவலர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரை ஆதரித்த அதே சேதுபதி. வழக்குப் போனது. 1899-ல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-ல் அங்கேயும் தோல்விதான். வழக்கத்தில் இல்லாத உரிமையைக் கோர்ட் தராது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

நடுவில் சிவகாசி. சிவன் கோயில் நுழைவுத் தகராறு முற்றி, 1899 ஜூன் 6 அன்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மறவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து ஊரைத் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. ஜூலை நடுவில் கலவரம் அடங்கியபோது ஊர் ஊராகச் செத்தவர்கள் 23 பேர். கைதானவர்கள் 1,958 பேர். தண்டனை பெற்றவர்கள் 552 பேர். அதில் ஏழு பேருக்கு மரண தண்டனை. தாக்கியவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்க்காவல் மறவர்களின் பரம்பரைத் தொழில். கும்பினி அதைப் பிடுங்கிக்கொண்டு போலீஸை வைத்தது. அரிவாளும் பெருமையும் மிஞ்சின, வருமானம் போய்விட்டது. கண்ணெதிரே, நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவன் கடை வைத்து மாடிவீடு கட்டுகிறான். ஜமீனின் அந்தஸ்துக்கும் காவல்காரனின் கோபத்துக்கும் ஒரே தெருவில் எதிரி கிடைத்தான். அதில் லாபம் ஜமீனுக்கே; ஜெயிலுக்குப் போனது காவல்காரன்.

கோர்ட் கைவிட்டதும் நாடார்கள் இன்னொரு கதவைத் தட்டினார்கள். 1910-ல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. ஆறு ஊர் உறவின்முறைகளுக்கு மேலே இப்போது மாகாணம் தழுவிய ஓர் அமைப்பு. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் அதுதான். பேட்டை மகமையில் தொடங்கிய கணக்குப் புத்தகம் பாங்க் லெட்ஜர் ஆகிவிட்டது.

நூற்றுக்கு மூன்று பேர்

1919 சட்டப்படி சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தல் வந்தது. முதல் தேர்தல் 1920-ல். நாலு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள மாகாணத்தில் ஓட்டுரிமை பெற்றவர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். நூற்றுக்கு மூன்று பேர். நிலவரியோ நகராட்சி வரியோ குறிப்பிட்ட அளவு கட்டுபவருக்குத்தான் ஓட்டு. நிலக்கிழார்களுக்குத் தனித் தொகுதிகள் வேறு. மார்ஸ் மைதானத்துச் சென்சர் இங்கே தாசில்தார் உருவத்தில் உட்கார்ந்திருந்தார் என்றே சொல்லலாம்.

ஆனால் இந்தச் சொத்து வரம்பு ஒரு காரியம் செய்தது. கழுகுமலைத் தேர்வீதியில் பல்லக்கில் போக முடியாத நாடார் வியாபாரி, வரி கட்டிய ரசீதைக் காட்டினால் ஓட்டுச்சாவடிக்குள் போக முடிந்தது. கோயில் வாசலில் பணம் செல்லாது; வாக்காளர் பட்டியலில் செல்லும். அந்தச் சட்டம் ஏழையை வெளியே தள்ளியது, பணக்காரப் பிளீபியனை உள்ளே விட்டது. அந்தச் சமயத்தில்தான் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டிய நாடார் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். நீதிக்கட்சியில் இருந்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு எதிராக உத்தரவு போட்டவர் என்றும் அவர் பெயர் பேசப்படும்.

1935 சட்டம் ஓட்டுரிமையை நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு விரித்தது. 1937 தேர்தலில் சாத்தூர்த் தொகுதியில் தேர்வானார், பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பையன், காமராஜ். தாத்தன் சொத்து, தகப்பன் சொத்து என்று எதுவும் இல்லாதவர். முதலில் அவர் நகராட்சித் தேர்தலில் நிற்கவே வரி கட்டிய தகுதி வேண்டியிருந்ததாம். அதற்காக அவர் பெயரில் ஓர் ஆடு வாங்கி வரி கட்டி ரசீது காட்டினார் முத்துராமலிங்கத் தேவர் என்று நம் பக்கத்தில் ஒரு கதை உலவுகிறது. கதையின் உண்மை எப்படியோ, அதைச் சொல்லும் ஜனங்களுக்குச் சொத்தில்லாதவன் தேர்தலில் நிற்க முடியாத காலம் நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது.

கோயில் கதவு கடைசியில்தான் திறந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களில் ஐந்து பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஒருவர் விருதுநகர் நாடார். கழுகுமலைக்கும் கமுதிக்கும் சிவகாசிக்கும் அன்றுதான் பதில் கிடைத்தது. கோர்ட் மறுத்ததைச் சட்டசபைச் சட்டம் கொடுத்தது. முப்பது வருஷத்துக்கு முன் லண்டன்வரை போய்த் தோற்றவர்களுக்கு, சட்டம் இயற்றும் இடத்தில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது புரிந்திருக்கும்.

எட்டயபுரத்தில் மத்தியானச் சோறு

1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் நிலங்கள் ரயத்வாரிக்கு மாறின. ஊர்களும் கண்மாய்களும் புறம்போக்கும் சர்க்கார் வசம் போயின. உழுத சம்சாரிக்குப் பட்டா கிடைத்தது. எட்டப்பர் அரண்மனை நஷ்டஈடு வாங்கிக்கொண்டு ஒதுங்கியது. 1952-ல் இருபத்தொரு வயதான அத்தனை பேருக்கும் ஓட்டு. ராஜாவுக்கும் ஒன்று, களை வெட்டுகிறவளுக்கும் ஒன்று. ரோமக் குடியரசு முடியும்வரை அங்கே இப்படி ஒரு சமத்துவம் வந்ததே இல்லை.

1954-ல் காமராஜ் முதலமைச்சர் ஆனார். 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்பது காரணம். ஆனால் கரிசல் சரித்திரம் எழுதுகிறவனுக்கு இன்னொன்றும் படுகிறது. தேரோடும் வீதியில் எந்தச் சாதி போகக் கூடாது என்று வழக்காடிய ஜமீனின் தலைநகரில், அந்தச் சாதியில் பிறந்து பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்த ஒருவர், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஒரு சாதிக்குள் சுற்றிய மகமை, சர்க்கார் கஜானாவிலிருந்து எல்லோருக்குமாக வந்த இடம் அது.

கூலிக்காரர் கணக்கு

இத்தோடு முடித்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும். ரோமில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். படியில் கடைசியில் நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

பட்டா உழுத சம்சாரிக்குக் கிடைத்தது. சம்சாரி புஞ்சையில் கூலிக்கு வேலை பார்த்தவருக்குக் கிடைக்கவில்லை. பள்ளர் (தேவேந்திரர்), பறையர், அருந்ததியர் குடும்பங்கள் பெரும்பாலும் பண்ணையாளாகவும் தினக்கூலியாகவும் இருந்தன. பேட்டை கட்ட அவர்களிடம் சரக்கு இல்லை, மகமை போட வியாபாரம் இல்லை. கையில் இருந்தது உழைப்பு ஒன்றுதான். அதை ஒருநாள் நிறுத்தினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. கோவில்பட்டியில் ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் சேர்ந்து கம்யூனிஸ்டுகளை வளர்த்தார்கள், 1967-லிருந்து சோ. அழகர்சாமி பலமுறை இந்தத் தொகுதியில் வென்றார். சம்சாரிகள் தங்கள் பங்குக்கு விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் திரண்டு மின்கட்டணத்துக்கும் கடன் ஜப்திக்கும் எதிராக நின்றார்கள். அவர் 1984 டிசம்பரில் காலமானதும் கோவில்பட்டியில்தான். கூலிக்காரர்களுக்கோ ஓட்டு வந்தும் தெரு வரவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது.

1970-களுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பும் வெளியூர் வேலையும் வளைகுடா வேலையும் வந்தன. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியன்குளம் அப்படித் தலையெடுத்த தேவேந்திரர் ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று, சாதி மோதல்களுக்குப் பின் குற்றவாளிகளையும் ஆயுதங்களையும் தேடுகிறோம் என்று நூற்றுக்கணக்கான போலீஸார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடு வீடாக அடித்து நொறுக்கப்பட்டவை மின்விசிறி, டிவி, தையல் மெஷின், டேப் ரிக்கார்டர். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய காசில் வாங்கியவை.

கழுகுமலை 1895, கொடியன்குளம் 1995. நூறு வருஷ இடைவெளியில், இரண்டு இடத்திலும் அடிபட்டது புதிதாகச் சேர்ந்த சொத்து. ஒருவனுடைய பணம் அவனுக்கு ஊர் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வளரும்போது, அந்தப் பணத்தின் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம்தான் முதலில் உடைபடுகிறது. பிறகு நடந்ததும் ஒரே மாதிரிதான். அடிபட்டவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். அடுத்த வருஷத் தேர்தலில், 1996-ல், ஓட்டப்பிடாரம் தனித்தொகுதியில் அவர்களின் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி பெரிய கட்சிகளை எதிர்த்து வென்றார். நாடார்களுக்கு 1899-லிருந்து 1937-வரை ஆன பயணம், ஆளுக்கு ஓர் ஓட்டு இருந்த காலத்தில் ஒரே வருஷத்தில் நடந்தது.

அதே 1996-ல் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-ல் சக ஆட்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை, 2006-ல்தான் நடந்தது.

ரோமப் பிளீபியன்கள் தங்கள் டிரிபியூனைத் தேர்ந்தெடுத்ததோடு நிறுத்தவில்லை. அவர்மேல் கைவைப்பவன் உயிரோடு திரும்பக் கூடாது என்று ஊரே கூடிச் சத்தியம் செய்துகொண்டது. பதவியின் பலம் அந்தச் சத்தியத்தில்தான் இருந்தது. அந்தச் சத்தியத்தின் பலம் தளர்ந்திருந்த ஒரு நாளில், கி.மு. 133-ல், ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க முனைந்த டிரிபியூன் திபேரியஸ் கிராக்கஸை செனட்டர்களும் அவர்கள் ஆட்களும் அடித்தே கொன்றார்கள். ஒதுக்கீட்டுச் சட்டம் நாற்காலியைக் கொடுக்கும். நாடார்களுக்கு அந்த நாற்காலிக்குப் பின்னால் நூறு வருஷம் பழகிய உறவின்முறை நின்றது. தலைவரைத் தொட்டால் கடையடைக்கவும் வழக்கு நடத்தவும் பணமும் ஆளும் இருந்தன. கரிசலில் கடைசியாக வந்தவர்கள் பதவியையும் அதைக் காக்கும் அமைப்பையும் ஒரே சமயத்தில் கட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் தங்களுக்கு முன்னால் ஏறியவர்களின் உதவி பெரிதாக இல்லாமல். கழுகுமலையில் அடிபட்டவர்களின் பேரன்மார், கொடியன்குளத்தில் அடிபட்டவர்களோடு எவ்வளவு தூரம் நின்றார்கள் என்பதை வைத்துத்தான் கரிசல் ரோமைவிட முன்னேறியதா என்று கணக்குப் போட முடியும்.

(அடுத்த இதழில்: கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த இரண்டு சிவகாசிக்காரர்களும், கோவில்பட்டி வீடுகளுக்குள் வந்த மருந்துக் குச்சியும்.)